நீர் விட்ட வழி

தென்கோடிப் பிரயாணம் – 9

சிலியின் கொயாய்கே பட்டணத்தில் டீசலும், பத்து நாளைக்கு வேண்டிய அரிசியும் வெங்காயமும், ஒன்றுக்கு இரண்டாக மாற்று டயர்களும் ஏற்றிக்கொண்டு எங்கள் லாரி தெற்கு நோக்கித் திரும்பியதோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தேன். லாரி என்று சொன்னேனே தவிர, மேலே பதினாறு பேர் உட்கார ஆசனங்களும், கீழே கூடாரங்கள், அடுப்பு, பாத்திரங்கள் வைக்கப் பெட்டிகளும் அமைந்த அந்த வாகனத்தை நடமாடும் சத்திரம் என்பதே பொருந்தும். சமையலும் பாத்திரம் துலக்குவதும் முறை வைத்துச் செய்ய வேண்டியவையாதலால், அந்தச் சத்திரத்தில் விருந்தாளி யார், பரிசாரகர் யார் என்ற பேதம் மட்டும் கிடையாது.

கோட்டைக் கொத்தளம் போன்ற சிகரங்களை உடைய செரோ காஸ்தீயோ மலையின் அடிவாரத்து ஊரைக் கடந்து சிறிது தூரத்தில் தார் முடிந்து சரளை தொடங்குகிறது. இந்நாட்டார் 'ரிப்பியோ' என்று அழைக்கும் அந்தச் சரளைச் சாலை, 1976-ஆம் ஆண்டில், சிலி தேசத்தில் பினோசெட்டின் ராணுவ ஆட்சி நடந்துகொண்டிருந்தபோது, படைவீரர்களைக் கொண்டே வெட்டத் தொடங்கப்பட்டது. பாறையை வெடிவைத்துப் பிளந்தும், ஆற்றுக்கு ஆறு பாலமிட்டும், கால் நூற்றாண்டுக் காலம் அங்குலம் அங்குலமாக ஊர்ந்து, 2000-ஆம் ஆண்டில்தான் அது வீயா ஒஹிகின்ஸ் என்னும் கடைசி ஊரை எட்டியது. வடக்கே ப்வெர்த்தோ மோந்த் துறைமுகத்திலிருந்து கணக்கிட்டால் சுமார் 1,240 கிலோமீட்டர். அதற்குள்ளேயே பல இடங்களில் கடல் குறுக்கிட, தோணித்துறைகளில் காத்துக் கிடக்க வேண்டும். சாலையைப் போட்டவன் மனிதனே என்றாலும், அது எங்கே வளைய வேண்டும், எங்கே மலையேற வேண்டும், எங்கே முடிந்துபோக வேண்டும் என்பதையெல்லாம் தண்ணீரும் அதன் மூத்த சகோதரியான பனியுமே தீர்மானித்திருக்கின்றன என்ற எண்ணம் இந்த வாரப் பிரயாணத்தில் எனக்கு நாளுக்கு நாள் உறுதிப்பட்டது.

முதல் சாட்சி, இரண்டு பெயர்களை உடைய ஓர் ஏரி. மேற்குக் கரையில் நிற்கிறவன் அதை ஹெனரால் கரேரா என்கிறான். கிழக்குக் கரையில், அர்ஜென்டினாவில் நிற்கிறவன் அதே ஏரியைப் ப்வெனோஸ் ஐரெஸ் என்கிறான். விஸ்தீரணம் சுமார் 1,850 சதுர கிலோமீட்டர்; ஆழம் 580 மீட்டருக்கும் அதிகம். ரியோ திராங்கிலோ, அதாவது 'அமைதி ஆறு', என்று பெயர் பெற்ற கரையோரச் சிற்றூரிலிருந்து நாங்கள் படகேறிய காலையில் ஏரி அந்தப் பெயரைச் சிறிதும் மதிக்கவில்லை; மேற்கிலிருந்து இறங்கிய காற்று அலையை வாரி எங்கள் மடியில் கொட்டிக்கொண்டே வந்தது. கரையோரத்துச் சலவைக்கற் பாறைகளை அந்த அலைகள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் கடைந்து, தூண்களும் கவிமாடங்களுமாகக் குடைந்துவைத்திருக்கின்றன. படகோட்டி எஞ்சினை நிறுத்திப் படகை ஒரு குகைக்குள் நழுவவிட்டதும், சாம்பலும் வெண்மையுமாக வரியோடிய கல்லின்மீது நீரின் நீலம் ஏறி நடுங்குவதைக் கண்டு, அதுவரையில் காற்றை வைதுகொண்டிருந்த எல்லோரும் வாயடைத்துப் போனோம். கையில் அள்ளிப் பார்த்தால் அந்த நீரில் நிறமே இல்லை. மேலே மலையில் நகர்ந்துகொண்டிருக்கும் பனியாறுகள் திரிகையைப் போலப் பாறையை அரைத்து, மாவிலும் மெல்லிய துகளாக ஏரிக்குள் விடுகின்றன. அத்துகள்மீது படும் வெயிலே நீலமாகவும் பச்சையாகவும் நம் கண்ணுக்குத் திரும்புகிறது.

ஓர் ஏரிக்கு இரண்டு பெயர் வாய்த்த கதை, வழக்கு மன்றங்களுக்கே உரிய சுவாரசியம் உடையது. 1881-இல் சிலியும் அர்ஜென்டினாவும் செய்துகொண்ட உடன்படிக்கை, நீரைப் பிரிக்கும் மிக உயர்ந்த சிகரங்களின் வழியே எல்லை செல்லும் என்று விதித்தது. வடக்கே ஆண்டீஸ் மலையில் உயர்ந்த சிகரமும் நீர் பிரியும் இடமும் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதால் அங்கே தகராறு அதிகம் இல்லை. தெற்கே, இந்தப் பதகோனியாவிலோ, உறைபனிக் காலத்துப் பனியாறுகள் மலைத்தொடரைக் குறுக்கே அறுத்துவிட்டபடியால், சிகரங்களுக்கு வெகு கிழக்கே, சமவெளியில் பிறக்கும் நீர்கூட மலையை ஊடுருவிக்கொண்டு மேற்கே பசிபிக் சமுத்திரத்தை அடைகிறது. நீர் பிரியும் இடமே எல்லை என்றது சிலி. சிகரமே எல்லை என்றது அர்ஜென்டினா. அர்ஜென்டினாவின் எல்லை நிபுணராக இருந்த பிரான்சிஸ்கோ மொரேனோ, வாதத்தை ஏட்டில் எழுதியதோடு திருப்தி அடையாமல், 1898-இல் ஒரு வேலை செய்தார். இந்த ஏரியின் கிழக்கே, ஏரியை நோக்கி ஓடிய ஃபேனிக்ஸ் என்னும் சிற்றாற்றுக்குச் சில ஆட்களைக் கொண்டு சில நாட்களில் ஒரு கால்வாய் வெட்டி, அது முற்காலத்தில் ஓடியதாக அவர் கருதிய பழைய படுகையிலேயே அதைக் கிழக்கே திருப்பி, அட்லாண்டிக் சமுத்திரத்துக்கு அனுப்பிவைத்தார். பனியாறு கொட்டிவிட்டுப் போன மண்மேட்டில் மண்வெட்டியால் நாலு வெட்டு வெட்டினால் சமுத்திரம் மாறிவிடும் என்றால், அந்த நீரை நம்பி ஒரு தேசத்தின் எல்லையைக் குறிக்கலாமா என்பதே அவருடைய கேள்வி.

வழக்கு இங்கிலாந்தின் அரச பீடத்திடம் சென்றது. பிரிட்டிஷ் இந்தியாவின் வடமேற்கு எல்லைப்புறங்களை அளந்து அனுபவம் பெற்ற தாமஸ் ஹோல்டிச் என்ற அதிகாரி நேரில் வந்து பார்வையிட்டபின், 1902-இல் ஏழாம் எட்வர்ட் மன்னர் தீர்ப்பளித்தார். சிகரக் கட்சிக்கும் நீர்க் கட்சிக்கும் முழு வெற்றி கிட்டவில்லை. இந்த ஏரி உட்படச் சில ஏரிகளின் நடுவிலேயே கோடு கிழித்து, பாதிப் பாதியாகப் பங்கிட்டார்கள். ஏரியின் நீர் மட்டும் அந்தக் கோட்டைச் சட்டை செய்யாமல், அர்ஜென்டினாவின் பங்கையும் சேர்த்து எடுத்துக்கொண்டு, சிலியின் பக்கத்தில் பேக்கர் என்னும் ஆறாக வெளியேறுகிறது.

பேக்கர் ஆறு, சிலியின் ஆறுகளிலெல்லாம் நீரோட்டம் மிகுந்தது. ஏரியின் நீலத்தை அப்படியே வாங்கிக்கொண்டு புறப்படும் அது, நெஃப் என்ற சாம்பல் நிறத்து உபநதியைச் சந்திக்கும் இடத்தில், ஒரே படுகையில் இரண்டு புடவைகளை விரித்துப் போட்டாற்போல் இரு நிறமாகச் சிறிது தூரம் ஓடுவதைப் பாலத்தருகே நின்று வெகு நேரம் பார்த்தோம். கொக்ரானே என்ற ஊரைக் கடந்து, சாலை மீண்டும் அதே ஆற்றின் கரையை நெருங்கிய இடத்தில்தான் எங்கள் பின்சக்கர டயர் ஒன்றைக் கூரான சரளை பக்கவாட்டில் கிழித்துவிட்டது. மரக்கட்டையை அண்டை கொடுத்து ஜாக்கியை ஏற்றுவதும், அது சரளையில் புதைவதும், மறுபடி முட்டுக் கொடுப்பதுமாக இரண்டு மணி நேரம் கழிந்தது.

அப்போது குதிரைமீது, இரண்டு நாய்கள் பின்தொடர, தட்டையான கம்பளித் தொப்பி அணிந்த முதியவர் ஒருவர் வந்து இறங்கினார். ஒத்தாசை வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றதும், போய்விடாமல், புல்லில் உட்கார்ந்து, சேணப் பையிலிருந்து மாத்தே இலையையும் சிறு சுரைக் குடுவையையும் எடுத்தார். எங்கள் அடுப்பில் காய்ந்த வெந்நீரை வாங்கிக் குடுவையில் ஊற்றி, முதல் ஊற்றலைத் தாமே உறிஞ்சிவிட்டு, இரண்டாவதை என்னிடம் நீட்டினார். உலோகக் குழலால் உறிஞ்சியபோது வேப்பங்கொழுந்தின் கசப்பும் வைக்கோல் புகையின் மணமும் சேர்ந்தாற்போல் இருந்தது. மரியாதைக்காக 'கிராசியாஸ்' என்று நன்றி சொல்லிக் குடுவையைத் திருப்பித் தந்தேன். அதன்பின் குடுவை சுற்றிச் சுற்றி வந்தும் என் முறை மட்டும் வரவேயில்லை. எங்கள் வழிகாட்டிப் பெண் சிரித்துக்கொண்டே விளக்கினாள்: மாத்தே குடிக்கையில் நன்றி சொன்னால், எனக்குப் போதும், இனி வேண்டாம் என்று அர்த்தமாம். பதகோனியாவில் அவசரப்படுகிறவன் காலத்தை இழக்கிறான் என்று இவ்வூர்ப் பக்கத்தில் ஒரு வசனம் உண்டு. அவசரப்பட்டு நன்றி சொல்கிறவன் மாத்தேயையும் இழக்கிறான் என்று நான் அதில் சேர்த்துக்கொண்டேன்.

புறப்படுமுன் முதியவர் எதிர்க்கரையைச் சாட்டைக் கம்பால் சுட்டினார். நீர்மட்டத்துக்கு வெகு மேலே, ஆள் உயரத்துக்கும் அதிகமான கிளைகளில், காய்ந்த செத்தையும் வேர்களும் சிக்கித் தொங்கின. காரணம் மலையில் இருக்கிறது. கொலோனியா என்ற பனியாறு, தன் பக்கத்தில் காச்சேத் என்னும் ஏரியை அணையாக நின்று தேக்கிவைத்திருக்கிறது. 2008 ஏப்ரலில், அந்த நீர் பனியின் அடியில் பல கிலோமீட்டர் நீளத்துக்குச் சுரங்கம் குடைந்துகொண்டு, சுமார் 20 கோடி கன மீட்டர் அளவில், ஒரே இரவுக்குள் வெளியேறிவிட்டது. மேலே ஏரி காலியாயிற்று, கீழே பேக்கர் பல மீட்டர் உயர்ந்தது. பின்பு சுரங்கம் அடைபட்டு ஏரி நிரம்புவதும், நிரம்பிய பின் உடைத்துக்கொள்வதும் பலமுறை நடந்துவிட்டன. முன்னறிவிப்பாக மழையும் இல்லை, மேகமும் இல்லை. வெயில் காயும் நாளில் வெள்ளம் வரும்.

இத்தகைய ஆற்றுக்குத்தான் அணை கட்ட ஒரு காலத்தில் திட்டம் போட்டார்கள். பேக்கரில் இரண்டும், தெற்கே பாஸ்குவா ஆற்றில் மூன்றுமாக ஐந்து அணைகள். 2,750 மெகாவாட் மின்சாரம். அதை வடக்கே கொண்டுசெல்ல ஏறக்குறைய 2,000 கிலோமீட்டர் நீளத்துக்குக் கம்பி. 2011 மே மாதத்தில் அனுமதி கிடைத்ததும், அணையில்லாப் பதகோனியா வேண்டும் என்று தலைநகரான சாந்தியாகோவின் வீதிகளில் பல்லாயிரவர் திரண்டார்கள். 2014 ஜூனில் அமைச்சர்கள் குழு அந்த அனுமதியை ரத்து செய்தது. சாலையோர வீட்டுச் சுவர்களில் அந்தப் போராட்டத்தின் வாசகங்கள் வெளிறிப்போய் இன்றும் தென்படுகின்றன.

பேக்கர் கடலைச் சேரும் முகத்துவாரத்தில் இருக்கிறது தோர்த்தெல். 1955-இல் உண்டான இந்த ஊருக்கு 2003 வரையில் சாலையே கிடையாது. வந்த சாலையும் ஊருக்கு மேலே ஒரு மேட்டில் நின்றுவிடுகிறது. லாரியை அங்கே விட்டுவிட்டு, மழையில் படியிறங்கினோம். வீதி என்று சொல்ல ஒரு முழம் மண் இல்லை. குடாவைச் சுற்றி, கால் நட்டு எழுப்பிய மரப்பாலங்களே வீதி, சந்து, சதுக்கம் எல்லாம். குவைத்தேகாஸ் சைப்ரஸ் என்ற, எளிதில் உளுத்துப்போகாத மரத்தின் பலகைகள். பழையவை வெள்ளிபோல் நரைத்தும், புதிதாக மாற்றியவை மஞ்சளாகவும் கிடப்பதால், ஊர் எந்தெந்த ஆண்டில் எங்கெங்கே செப்பனிடப்பட்டது என்பதைக் காலடியிலேயே படிக்கலாம். ஒரு பலகை பெயர்ந்த இடத்தில் என் கால் முழங்கால் வரை உள்ளே போயிற்று. கீழே கடல் நீர் சளக் சளக்கென்று பேசிக்கொண்டிருந்தது. எதிரே எரிவாயுச் சிலிண்டரை முதுகில் சுமந்து வந்த இளைஞன் அதை இறக்கிவைத்து, என்னைத் தூக்கி நிறுத்திவிட்டு, அந்தப் பலகையைக் காலால் தட்டிப் பொருத்திவிட்டுப் போனான்.

முகத்துவாரத்தில் மரித்தோர் தீவு என்று ஒரு தீவு உண்டு. 1906-இல், இந்த ஆற்றோரக் காட்டை வெட்ட ஒரு கம்பெனி சீலோவே தீவிலிருந்து கூட்டிவந்த தொழிலாளர் பலர், குளிர்காலத்தில் வர வேண்டிய கப்பல் வராமல், இங்கேயே மாண்டுபோனார்கள். நோயா, பசியா, விஷமா என்ற சர்ச்சை இன்றும் ஓயவில்லை. அவர்கள் வெட்ட வந்த அதே சைப்ரஸ் மரத்தில் செய்த பெயரில்லாச் சிலுவைகள், பாசி படர்ந்து, சரிந்தும் சரியாமலும் நிற்கின்றன. மரம் உளுக்காதது, எழுதிவைக்கத்தான் ஆளில்லை.

அப்பால் ப்வெர்த்தோ யுங்காயில் சாலை ஒரு கடற்கழிக்குள் இறங்கி மறைகிறது. அரசாங்கத்தின் தோணி கட்டணமின்றி முக்கால் மணி நேரத்தில் எதிர்க்கரை சேர்க்க, அங்கிருந்து 100 கிலோமீட்டரில் வீயா ஒஹிகின்ஸ். 1966-இல் நிறுவப்பட்ட, சில நூறு பேரே வாழும் அந்த ஊரையும் தாண்டிச் சில கிலோமீட்டர் சென்றால், 830 மீட்டருக்கு மேல் ஆழமுள்ள ஒஹிகின்ஸ் ஏரியின் கரையில், ஒரு மரத் துறையோடு சாலை தீர்ந்துபோகிறது. மேற்கே தெற்குப் பதகோனியப் பனிவெளி, 350 கிலோமீட்டர் நீளத்துக்கு வெள்ளைச் சுவராகப் படுத்திருக்கிறது. சிலியின் தெற்குப் பகுதிக்குத் தரை வழியே போக விரும்புகிற சிலி நாட்டானும் அர்ஜென்டினாவுக்குள் புகுந்துதான் போக வேண்டும்.

நாங்கள் துறையில் நின்றபோது ஒரு படகு புறப்படத் தயாராக இருந்தது. சேறு தோய்ந்த சைக்கிளோடு ஒரு வாலிபனும் அவன் மனைவியும் பைகளைக் கழற்றி ஒவ்வொன்றாகப் படகில் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அக்கரையில் இறங்கி, மலைப்பாதையில் சைக்கிளைத் தள்ளியும் தூக்கியும் எல்லையைக் கடந்து, பாலைவன ஏரி என்று பெயர் கொண்ட மற்றோர் ஏரியையும் தாண்டினால் எல் சால்தேன் என்னும் ஊருக்குப் போய்விடலாம். எங்கள் சாரதி, இத்தனை நாள் எங்களைச் சுமந்து வந்த லாரியின் சக்கரத்தில் கைவைத்து, அந்தச் சைக்கிளையே பார்த்துக்கொண்டு நின்றார். ஆறு சக்கரமும் நூறு குதிரைகளின் வலிமையும் மாற்று டயர்களும் உள்ள எங்களுக்கு அந்த வழி இல்லை. தன் சுமையைத் தானே தோளில் தூக்கக்கூடியவனுக்கு மட்டும் தண்ணீர் சிறிது இடம் விட்டிருந்தது.

படகு திரும்பி, காற்றில் முகம் வைத்துப் புறப்பட்டது. சாரதி இரண்டு வாளி ஏரி நீர் மொண்டு கண்ணாடியிலிருந்த புழுதியைக் கழுவிவிட்டு, வந்த வழியே லாரியைத் திருப்பினார்.

அடுத்த வாரம்: ரோபாயோஸ் கணவாய் வழியே அர்ஜென்டினாவின் காற்று வெளிக்குள்.

(தொடரும்)