ஒரே குளவிக்கு இரண்டு பெயர்

பெரம்பலூர், அரியலூர் பக்கத்து வறண்ட செம்மண் தடங்களும் முந்திரிக் காட்டு ஓரங்களும் வெல்வெட் எறும்புக்கு ஏற்ற இடங்கள். கரிய தலை, செங்கல் நிற மார்பு, கறுத்த வயிற்றில் வெள்ளை அல்லது பொன்னிறப் புள்ளிகள், மேலெல்லாம் அடர்ந்த மென்மயிர். ஓர் இடத்தில் நிற்காமல் ஓடி ஓடி, மண்ணில் தென்படும் ஓட்டைகளில் எல்லாம் தலையை நுழைத்துப் பார்க்கும். பார்ப்பவர்கள் எறும்பு என்பார்கள். மழைக்குப் பின் வெளிவரும் தம்பலப்பூச்சியோடு சேர்த்துக் குழப்பிக்கொள்பவர்களும் உண்டு. தம்பலப்பூச்சிக்கு எட்டுக் கால். அது சிலந்திக்கும் உண்ணிக்கும் உறவு. இதற்கோ ஆறு கால், ஆனால் எறும்பும் இல்லை. எறும்புபோல் கூட்டமாக வாழாது, புற்றுக் கட்டாது, முடிச்சிட்ட இடுப்பும் இதற்குப் பெரும்பாலும் இராது. உருப்பெருக்கியில் பார்த்தால் வயிற்றின் இரண்டாம் வளையத்துப் பக்கவாட்டில் நெருக்கமான மயிர் படிந்த ஒரு மெல்லிய கோடு தெரியும். மூட்டில்லிடே என்ற குளவிக் குடும்பத்தை அறிய இந்தக் கோடு பெரிய துணை. நாம் எறும்பென்று நினைத்தது இறக்கையில்லாத ஒரு பெண் குளவி.

குடும்பத்தைச் சொல்வது இவ்வளவு எளிது. எந்த இனம் என்று சொல்வதுதான் கடினம். உலகில் இந்தக் குடும்பத்தில் 4,000க்கும் மேற்பட்ட இனங்கள் விவரிக்கப்பட்டுள்ளன. அவற்றில் மிகப் பலவற்றுக்கு ஒரு பாலினம் மட்டுமே தெரியும். ஆகவே தரையில் ஓடும் பெண்ணை மட்டும் வைத்து இனப் பெயர் சூட்டுவது பாதி வேலை. அந்தப் பெண்ணுக்குரிய ஆண் எது என்று தெரியும்வரை பேரினத்தோடு நிறுத்திக்கொள்வதே நேர்மை என்பது என் வாதம். அவசரப்பட்டுச் சூட்டிய பெயர்களைக் கலைத்து அடுக்குவதிலேயே இந்தத் துறையின் ஒரு நூற்றாண்டு போயிருக்கிறது.

காரணம் ஆணின் உருவம். ஆணுக்கு இறக்கை உண்டு, கொடுக்கு இல்லை. உடலின் நிறமும் புள்ளிகளும் பல இனங்களில் பெண்ணுடையதோடு சற்றும் ஒத்துப்போகாது. உணர்கொம்பில் பெண்ணுக்கு 12 கணுக்கள், ஆணுக்கு 13. பெண் தரையில் அகப்படும். ஆண் பூவிலோ, இரவில் விளக்கடியிலோ, பறக்கும் பூச்சிகளுக்காகக் கட்டிய வலையிலோ அகப்படும். ஒருவர் குழிப்பொறி வைத்துப் பெண்ணைப் பிடித்திருப்பார். வேறோர் ஊரில், வேறொரு பருவத்தில், வேறொருவர் ஆணைப் பிடித்திருப்பார். இரண்டும் தனித்தனி ஊசிகளில் குத்தப்பட்டு ஐரோப்பிய அருங்காட்சியகங்களுக்குப் போய்ச் சேரும். தனித்தனிப் பெயர்கள் பெறும். லின்னேயஸின் மாணவரான ஃபாப்ரிசியஸ் 1804இல் மூட்டில்லா ஆக்குலாட்டா என்று பெயரிட்ட இனம் இப்போது ராடோஷ்கோவ்ஸ்கியஸ் பேரினத்தில் இருக்கிறது. இந்தியக் குளவிகளையும் தேனீக்களையும் பற்றி பிங்காம் எழுதிய தொகுதி 1897இல் வந்தபோது, இந்நாட்டு வெல்வெட் எறும்புகளில் பெரும்பாலானவை மூட்டில்லா என்ற ஒரே பேரினத்துக்குள்தான் அடைக்கப்பட்டிருந்தன. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு ரஷ்யாவின் அர்காடி லெலே இந்தக் கும்பலைப் பிரித்துப் பல பேரினங்களாக்கினார்; கீழைத் தேசங்களின் வெல்வெட் எறும்புகளுக்கான அவருடைய பட்டியல் 2005இல் விளாடிவஸ்தாக்கில் வெளியானது. ஆணும் பெண்ணும் ஒரே இனம் என்று தெரியவந்தால் முதலில் சூட்டிய பெயர் நிற்கும், பின்னது இணைப்பெயராக ஒதுங்கும் என்பது விலங்கியல் பெயரிடலின் விதி.

இந்தச் சிக்கல் பெரம்பலூர், அரியலூர் மண்ணுக்குப் புதிதல்ல. காரை, குளக்காநத்தம் பகுதியின் அரித்த களிமண் பள்ளங்களில் அம்மோனைட் என்னும் சுருள் ஓட்டுக் கடலுயிர்களின் புதைபடிவங்கள் கிடைக்கின்றன. 1860களில் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்த ஸ்டோலிஸ்கா இந்தப் பகுதிப் படிவங்களை வகைப்படுத்திப் பெரிய தொகுதிகளாக வெளியிட்டார். அவருக்கு வெகுகாலம் பின்னர், 1962இல் போலந்தில் மகோவ்ஸ்கியும் 1963இல் இங்கிலாந்தில் கலோமனும் ஒரு செய்தியை நிறுவினார்கள். ஒரே பாறை அடுக்கில் சேர்ந்து கிடைத்து, தனித்தனி இனங்களாக, சிலபோது தனித்தனிப் பேரினங்களாகவே எண்ணப்பட்ட பெரிய ஓடும் சிறிய ஓடும் பல அம்மோனைட்டுகளில் பெண்ணும் ஆணுமே என்பதுதான் அது. அம்மோனைட் இணை சேர்வதை இனி யாரும் பார்க்கப் போவதில்லை; ஓட்டின் வடிவையும் அடுக்கையும் கொண்டு ஊகிப்பதோடு சரி. அதே மண்ணின்மேல் ஓடும் குளவி விஷயத்தில் நமக்கு அந்தத் தடை இல்லை. அது இணை சேர்வதைப் பார்க்கலாம். ஒரே கூட்டிலிருந்து ஆணும் பெண்ணும் வெளிவருவதைக் காத்திருந்து பார்க்கலாம். பார்க்க முடிகிறபோதும் ஊகத்தோடு நின்றுவிடுவது எனக்கு ஏற்புடையதல்ல.

கைப்பேசியில் படம் எடுத்தால் செயலியே பெயர் சொல்லிவிடுகிறதே என்று கேட்கலாம். செயலி பெரிதும் நம்புவது நிறத்தையும் புள்ளியையும். இந்தக் குடும்பத்தில் மிக மோசமாக ஏமாற்றுவதும் அவைதாம். வலிமிகுந்த கொடுக்குடைய பல இனங்கள் ஒரே எச்சரிக்கைக் கோலத்தைப் பூண்டுகொள்கின்றன. ஒன்றைக் கொத்தி வலி கண்ட பறவையோ பல்லியோ மற்றவற்றையும் விட்டுவிடும் என்பதால் எல்லாவற்றுக்கும் இலாபம். வட அமெரிக்காவில் 351 இனங்களை ஆராய்ந்து 2015இல் வெளியான ஆய்வு, அவை வெறும் எட்டு நிறக் கோலங்களுக்குள் அடங்குவதைக் காட்டியது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் சீனோப்டிகஸ் என்ற சிலந்திகூட வெல்வெட் எறும்பின் கோலத்தை அணிந்து திரிகிறது. ஆக, படத்தில் தெரியும் புள்ளிகளின் எண்ணிக்கை இனத்தைச் சொல்லாது. மார்பின் வடிவம், தலையின் அமைப்பு, வயிற்றின் கடைசி வளையத்துத் தட்டில் உள்ள வரிகள், ஆணாக இருந்தால் அதன் இனப்பெருக்க உறுப்பு ஆகியவைதாம் சொல்லும்.

மரபணுச் சோதனை இதைத் தீர்த்துவிடாதா என்பது இன்னும் வலுவான கேள்வி. பாதியைத் தீர்க்கும். ஒத்துப்போகாத ஆணையும் பெண்ணையும் மரபணு வரிசை கொண்டு இணைக்கலாம் என்று அமெரிக்க ஆய்வாளர்கள் 2006இலேயே செய்துகாட்டினார்கள். ஆனால் இந்த இரண்டும் ஒரே இனம் என்று மட்டுமே மரபணு சொல்லும். அந்த இனத்துக்குப் பழைய பெயர்களில் எது உரியது என்பதை, அந்தப் பெயருக்கு ஆதாரமாக அருங்காட்சியகத்தில் வைத்திருக்கும் மூல மாதிரியோடு ஒப்பிட்டால்தான் அறிய முடியும். நூறு ஆண்டுக்கு மேல் ஊசியில் உலர்ந்த மாதிரியிலிருந்து மரபணுவைப் பிரிப்பது எளிதல்ல. உடற்கூற்றைப் படிக்கத் தெரிந்த கண் அங்கே தேவைப்படுகிறது. சேகரித்த இடமும் நாளும் எழுதிய சீட்டும் தேவைப்படுகிறது. காரைக்கால் பக்கத்துக் குரும்பகரத்தில் வாழ்ந்த பி. சூசைநாதன் சேகரித்து அனுப்பிய பூச்சிகளை உலகின் பல அருங்காட்சியகங்கள் இன்றும் புரட்டிக்கொண்டிருப்பதற்கு அந்தச் சீட்டும் ஒரு காரணம்.

இதெல்லாம் ஆய்வாளர் கவலை, பருத்தியும் மக்காச்சோளமும் போடும் விவசாயிக்கு என்ன என்று கேட்பவர்களுக்கு இந்தப் பூச்சியின் பிழைப்பே பதில். பெண் வெல்வெட் எறும்பு, தனித்து வாழும் தேனீ அல்லது குளவியின் கூட்டறையைத் திறந்து, அங்கே முற்றிய புழுவின் மேலோ கூட்டுப்புழுவின் மேலோ முட்டையிடும். பொரித்த புழு அதைத் தின்று வளரும். அப்படியானால் நன்மை செய்யும் தேனீக்கு இது பகை, நசுக்கிவிடலாமே என்று தோன்றும். அது தவறு. ஒட்டுண்ணி பிழைக்க வேண்டுமானால் அதைத் தாங்கும் அளவுக்குத் தேனீக் கூடுகள் அங்கே இருக்க வேண்டும். வெல்வெட் எறும்பு ஓடும் வரப்பு, தேனீ மண்ணில் கூடு வைத்திருக்கக்கூடிய வரப்பு. துவரைப் பூவில் மகரந்தம் சேர்ப்பதில் இலைவெட்டித் தேனீக்களுக்குப் பெரும் பங்கு உண்டு. எந்த வெல்வெட் எறும்பு எந்தத் தேனீயின் கூட்டை நாடுகிறது என்பது தெரிந்தால், எந்த மண்ணைக் கிளறாமல் விட வேண்டும் என்பதும் தெரியும். அந்த அறிவு இனப் பெயரின் கீழ்தான் சேர முடியும். பெயர் தவறானால் இரண்டு பூச்சிகளின் வாழ்க்கை ஒன்றாகவோ, ஒன்றின் வாழ்க்கை இரண்டாகவோ பதிவாகிவிடும். அரியலூரில் சுண்ணாம்புக்கல்லுக்காக மேல்மண் அகற்றப்படும்போது இந்தக் கூடுகளும் சேர்ந்தே போகின்றன. அங்கே என்ன இருந்தது என்று பின்னர் சொல்வதற்கு நம்பத்தகுந்த பதிவு வேண்டும்.

ஆகவே படம் எடுப்பவர்கள் முதுகுப்பக்கத்தோடு நிறுத்தாமல் பக்கவாட்டிலும் முகத்துக்கு நேராகவும் எடுக்கட்டும். ஊர், நாள், நேரம், எந்த ஓட்டைக்குள் நுழைந்தது என்பதைக் குறிக்கட்டும். கையால் எடுக்க வேண்டாம்; சீண்டாதவரை கொட்டாது, கொட்டினால் வலி கடுமை. பெண்ணோடு இறக்கையுள்ள ஒரு குளவி சேர்ந்திருப்பதைக் கண்டால் அதைத் தொல்லை செய்யும் வேறொரு பூச்சி என்று நினைத்து விரட்டிவிடக் கூடாது. சில இனங்களில் ஆண் பெண்ணைத் தூக்கிக்கொண்டே பறக்கும். அந்த இணை அகப்பட்ட ஒரு தெளிவான படம், தனித்தனியாக எடுத்த நூறு படங்களைவிட வகைப்பாட்டாளருக்கு உதவும்.