மழையில் நனைந்த சேஃப்டி ஷூ: அடுப்புப் பக்கத்தில் வைக்காதீங்க!

பருவமழை வந்தாலே அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு ஷிஃப்ட் போறவங்களுக்கு ஒரு தலைவலி, நனைந்த லெதர் ஷூ. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பேட்டைக்குள்ளேயே வெள்ளம் புகுந்தது நினைவிருக்கும்.

காலைக்குள் காயணுமே என்று அடுப்புப் பக்கத்தில் வைப்பதுதான் பலர் செய்யும் தப்பு. தோல் என்பது கொலாஜன் நார்களின் பின்னல். பதனிடும்போது ஏற்றும் எண்ணெய்தான் அந்த நார்களை வளைய வைக்கிறது. ஈரத்தோலைச் சூட்டில் காயவைத்தால் நார்கள் ஒன்றோடொன்று ஒட்டி விறைத்துவிடும். அப்புறம் நடக்க நடக்க மடிப்பில் வெடிக்கும்.

லேஸ், இன்சோல் இரண்டையும் கழற்றுங்க. நியூஸ்பேப்பரைக் கசக்கி உள்ளே திணித்து, ஃபேன் காற்றில் வையுங்க. பேப்பர் ஈரமானதும் மாற்றணும்.

முழுக்கக் காய்ந்த பிறகே மெழுகு கலந்த லெதர் கிரீம். தையலிலும், சோல் ஒட்டியிருக்கும் ஓரத்திலும்தான் தண்ணீர் சுலபமாக இறங்கும். அங்கே கூடுதலாகத் தேய்க்கணும். ஐஸ் மேல் ஆடும் ஃபிகர் ஸ்கேட்டிங் வீரர்களும் லெதர் பூட்டின் சோலுக்கு மெழுகு பூசுவாங்க. சோல் ஊறினால் பிளேடைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூ தளர்ந்துவிடும் என்ற பயம்தான்!

தேங்காய் எண்ணெயா? வேண்டாம், அதிகமானால் தோல் தொளதொளத்துப் போகும்.

முன்பக்கம் வெடித்து உள்ளே இருக்கும் இரும்புத் தொப்பி தெரிகிறதா? கிரீமை ஓரமாக வைத்துவிட்டு சூப்பர்வைசரிடம் புது ஜோடி கேளுங்க.