மார்புச் சுமைக்கு மருத்துவம் உண்டு



"கழுத்து வலிக்குது, தோள்பட்டை விட்டுப் போகுது" என்று தைலம் தேய்த்துக்கொண்டே வருஷக்கணக்கில் காலம் தள்ளும் பெண்கள் பலர் இருக்கிறார்கள். மார்பகத்தின் பாரம்தான் காரணம் என்று அவர்களுக்கே தெரியும். ஆனாலும் யாரிடம் சொல்வது? "இந்த வயசுல அழகு கேக்குதா?" என்று வீட்டில் கேட்டுவிடுவார்களோ என்ற பயம். இது அழகு விஷயம் மட்டும் அல்ல, உடம்பு விஷயம். டாக்டரிடம் சொல்ல வெட்கப்பட வேண்டாம்.

அதிகப் பாரத்தின் அடையாளங்கள்

கழுத்து, தோள், முதுகு வலி. உள்பாடிப் பட்டை அழுந்தித் தோளில் பள்ளம் விழுவது. மார்பின் அடிமடிப்பில் வேர்வை தங்கி அரிப்பும் புண்ணும் வருவது. வேகமாக நடக்கவோ குனிந்து வேலை செய்யவோ முடியாமல் போவது. பரம்பரை, உடல் பருமன், பிள்ளைப்பேறு ஆகியவற்றால் இப்படி ஆகலாம். சில பெண்களுக்குப் பூப்பெய்திய சில வருஷங்களிலேயே மார்பகம் மிகப் பெரிதாக வளர்ந்துவிடும். அது அவர்கள் குற்றம் அல்ல.

ஆபரேஷன் இரண்டு வகை

மார்பகக் குறைப்பு என்பது அதிகமாக உள்ள கொழுப்பு, சுரப்பித் திசு, தோல் இவற்றை எடுத்துப் பாரத்தைக் குறைப்பது. மார்பகத்தை உயர்த்தி அமைப்பது வேறு. பிள்ளை பெற்று, பால் கொடுத்து, அல்லது உடம்பு இளைத்துத் தளர்ந்த மார்பில் அதிகத் தோலை எடுத்து, காம்பை மேலே கொண்டுவந்து வைப்பார்கள். இதில் பாரம் பெரிதாகக் குறையாது. எனவே முதுகு வலிக்காக இதைச் செய்துகொண்டால் ஏமாற்றமே மிஞ்சும். உங்களுக்கு எது தேவை என்பதை முதலிலேயே டாக்டரிடம் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

ஆபரேஷனுக்கு முன்

ரத்தம், சர்க்கரை, ரத்த அழுத்தம், இருதயம் ஆகியவற்றைப் பரிசோதிப்பார்கள். மார்பில் கட்டி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு மேமோகிராம் என்ற எக்ஸ்ரே படமும் எடுக்கச் சொல்லலாம். நீங்கள் சாப்பிடும் மாத்திரை, நாட்டு மருந்து, லேகியம் எதையும் மறைக்காதீர்கள். சில மருந்துகள் ரத்தப்போக்கை அதிகமாக்கும்.

வெற்றிலையோடு புகையிலை போடும் வழக்கம் இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். பீடி, சிகரெட், புகையிலை எல்லாமே ரத்தக் குழாய்களைச் சுருக்கும். ரத்தம் போகாவிட்டால் காயம் ஆறாது, காம்பே கருகிப்போகவும் கூடும். டாக்டர் சொல்லும் நாளிலிருந்து, பொதுவாக ஆபரேஷனுக்கு ஒரு மாதம் முன்பிருந்தே, அடியோடு நிறுத்த வேண்டும். காயம் ஆறும் வரை மறுபடி தொடக் கூடாது.

ஆபரேஷன் அன்று

உங்களை நிற்க வைத்து மார்பின் மேல் பேனாவால் கோடு போடுவார்கள். படுத்தால் வடிவம் மாறிவிடும் என்பதால்தான் இப்படி. பிறகு முழு மயக்கம் கொடுப்பார்கள். ஆபரேஷனுக்குப் பொதுவாக இரண்டு முதல் நான்கு மணி நேரம் ஆகும். காம்பைச் சுற்றியும், அங்கிருந்து கீழ்நோக்கியும், பல சமயம் அடிமடிப்பை ஒட்டியும் வெட்டுவார்கள். எடுத்த திசுவைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புவது வழக்கம். அதன் முடிவைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

முதல் சில நாட்கள் வலி, வீக்கம், கன்றிப்போன நிறம் இருக்கும். பயப்பட வேண்டாம், மாத்திரையில் அடங்கும். கெட்ட நீர் வடிய ஓரிரு நாள் குழாய் வைத்திருக்கலாம். கம்பி இல்லாத, நன்றாகத் தாங்கும் உள்பாடியை இரவும் பகலும் சில வாரம் போட வேண்டும். மல்லாந்து படுங்கள்.

இரண்டு வாரத்தில் சிறு வேலைகள் பார்க்கலாம். ஆனால் தண்ணிக் குடம், அரிசி மூட்டை, இடுப்புக் குழந்தை இதெல்லாம் நாலு முதல் ஆறு வாரம் வேண்டாம். "நான்தான் செய்யணும், வேற யாரு செய்வா?" என்று எழுந்து ஓடினால் தையல் பிரியும். வீட்டிலுள்ள ஆண்களும் மாமியாரும் இதைப் படித்துக் கைகொடுக்க வேண்டும்.

தழும்பும் உணர்ச்சியும்

தழும்பு நிச்சயம் இருக்கும். சில மாதம் சிவந்து தடித்திருந்து, ஒரு வருஷத்தில் மெல்ல மங்கும், முழுதும் மறையாது. சிலர் உடம்புக்குத் தழும்பு புடைத்துக்கொள்ளும். காது குத்திய இடத்திலோ அம்மை ஊசி போட்ட இடத்திலோ அப்படி ஆகியிருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். காம்பில் உணர்ச்சி குறையலாம், சிலருக்குத் திரும்பாமலும் போகலாம். இரண்டு பக்கமும் அச்சில் வார்த்தது போல ஒன்றாக இராது. வீக்கம் வற்றி வடிவம் நிலைக்க ஆறு மாதம் முதல் ஒரு வருஷம் ஆகும்.

தாய்ப்பால் கொடுக்க முடியுமா?

பலரால் ஓரளவு முடியும், ஆனால் உறுதி சொல்ல முடியாது. பாரத்தைக் குறைக்கும்போது பால் சுரக்கும் திசுவும் பால் குழாய்களும் வெட்டுப்படலாம். மார்பகம் மிகப் பெரிதாக இருந்தால், சில சமயம் காம்பையே தனியே எடுத்து ஒட்டவைக்க வேண்டிவரும். அப்படிச் செய்தால் பால் கொடுக்க இயலாது. இன்னும் குழந்தை வேண்டும் என்றிருப்பவர்கள் இதை நன்றாக யோசியுங்கள். மறுபடி கர்ப்பமானால் மார்பகம் பெருத்துத் தளரவும் கூடும். எனவே முடிந்தவர்கள் குழந்தைகள் போதும் என்றான பிறகு செய்துகொள்வது நல்லது. பால் கொடுப்பவர்கள் நிறுத்திச் சில மாதம் கழித்தே செய்ய வேண்டும். ஆனால் வலி தாங்க முடியாத இளம் பெண்ணை "கல்யாணம் ஆகட்டும்" என்று ஆண்டுக்கணக்கில் காக்க வைப்பதும் நியாயமல்ல. மார்பக வளர்ச்சி நின்ற பிறகு அவளும் டாக்டரைக் கேட்கலாம்.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவை

* காய்ச்சல், காயத்தில் சீழ், பரவும் சிவப்பு
* ஒரு பக்கம் மட்டும் திடீரென்று வீங்கி இறுகுவது
* காம்பு நீலம் அல்லது கறுப்பாக மாறுவது
* காலில் வீக்கமும் வலியும், அல்லது மூச்சுத் திணறல்

இவற்றைப் பார்த்தால் "நாளைக்குப் போகலாம்" என்று இருந்துவிடாதீர்கள்.

எங்கே கேட்பது?

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் பலவற்றில் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவு உண்டு. சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் 2018-இல் மார்பக அறுவைக்கென்றே தனி கிளினிக் தொடங்கினார்கள். விளம்பரம் பார்த்துக் கண்ட இடத்துக்குப் போகாதீர்கள். தகுதி பெற்ற பிளாஸ்டிக் சர்ஜனா என்று விசாரியுங்கள். செலவையும், காப்பீட்டுத் திட்டம் பொருந்துமா என்பதையும் முன்பே கேளுங்கள்.

ஆபரேஷனால் எல்லா முதுகு வலியும் போய்விடாது. உடல் எடையைக் குறைப்பதும் சரியான அளவில் உள்பாடி போடுவதும் சிலருக்கே போதுமானதாக இருக்கும். ஆபரேஷன் செய்துகொண்டாலும் மார்பில் கட்டி இருக்கிறதா என்று பார்ப்பதை விடக் கூடாது. பரிசோதனைக்குப் போகும்போது பழைய ஆபரேஷனைப் பற்றிச் சொல்லுங்கள்.

உடம்பு உங்களுடையது. கணவரோடு கலந்து பேசுங்கள், டாக்டரிடம் சந்தேகம் தீரக் கேளுங்கள். செய்துகொள்வதா வேண்டாமா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.