ஒளியிழையும் செப்புக் கம்பியும்

பள்ளி அலுவலகத்திற்கும் கணினிக் கூடத்திற்கும் இடையே 300 மீட்டர் தொலைவு உளதெனக் கொள்வோம். செப்புக் கம்பியின் எல்லை 100 மீட்டரே. ஆதலின் எஞ்சிய வழியை ஒளியிழையே கடத்தல் வேண்டும். செம்பில் ஓடுவது மின்துடிப்பு. இழையில் ஓடுவது ஒளித்துடிப்பு. ஒன்றை மற்றொன்றாக்கும் சிறு பெட்டியே ‘மீடியா கன்வெர்ட்டர்’. அதனை ஊடக மாற்றி எனலாம். இரு முனைக்கும் ஒவ்வொன்று தேவை.

வாங்குமுன் நோக்க வேண்டியவை மூன்று.

முதலாவது, இழையின் வகை. ஒற்றைமுறை இழையின் உள்ளகம் ஏறத்தாழ 9 மைக்ரோமீட்டர். பன்முறை இழைக்கு 50 அல்லது 62.5. இழைக்கேற்ற மாற்றியையே கொள்ளல் வேண்டும். சில நூறு மீட்டருக்குப் பன்முறை போதும். பல கிலோமீட்டருக்கு ஒற்றைமுறையே ஏற்றது.

இரண்டாவது, அலைநீளம். ஓரிழையிலேயே இருவழியும் செலுத்தும் மாற்றிகள் இணை இணையாக வரும். ஒன்று 1310 நானோமீட்டரில் அனுப்பி 1550இல் பெறின், மற்றது 1550இல் அனுப்பி 1310இல் பெறும். ஒரே வகையில் இரண்டை வாங்கினால், இருவரும் பேசுவர், கேட்பார் இலர்!

மூன்றாவது, வேகம். இழையின் இருமுனையிலும் அது ஒன்றாதல் வேண்டும்.

இன்னொரு நன்மையும் உண்டு. ஒருமுறை இடி விழுந்தபோது, இரு கட்டடங்களை இணைத்த செப்புக் கம்பி வழியே மின்னல் பாய்ந்து, எங்கள் கணினிகள் கருகின. கண்ணாடி மின்னைக் கடத்தாது. உலோகம் சேராத இழைவடத்தைக் கேட்டு வாங்குக. இடி மிகுந்த நம் நாட்டில் அதுவே காப்பு.