பாட்டரியைப் பழிக்கும் முன் வயரைப் பாருங்கள்

சென்ற மழைக்காலத்தில் ஓர் இரவு. பாலாநகரில் வேலை முடிந்து சனத்நகர் திரும்பிக்கொண்டிருந்தேன். புல்லட்டின் ஹெட்லைட் மங்கியது, ஹாரன் முனகியது, வண்டி நின்றுவிட்டது. பின்விளக்கும் இல்லை; பின்னால் லாரி. எப்படியோ ஓரத்துக்குத் தள்ளிவிட்டேன்.

அது அப்பா ஊரில் ஓட்டிய வண்டி. நம் திருவொற்றியூரில் பிறந்தது. விற்க மனமில்லை. "பாட்டரி போயிந்தி" என்றார் மெக்கானிக். ஓராண்டில் அது இரண்டாவது பாட்டரி! மூன்றாவது வாங்குமுன் ஒரு மல்டிமீட்டர் வாங்கினேன். கோளாறு பாட்டரியில் இல்லை, துருப்பிடித்த எர்த் இணைப்பில் இருந்தது.

எஞ்சினோடு சுழலும் ஆல்டர்னேட்டர் ஏ.சி. மின்சாரம் தருகிறது. ரெகுலேட்டர்-ரெக்டிஃபையர் அதை டி.சி.யாக்கி, அளவு மீறாமல் பாட்டரிக்கு அனுப்புகிறது. மோட்டார் நன்றாக ஓடினாலும் குழாய் அடைத்திருந்தால் மேல்தொட்டி நிரம்புமா? இங்கும் அதே கதைதான்.

முதலில் அளந்து பாருங்கள். நல்ல 12 வோல்ட் பாட்டரி, எஞ்சின் ஓடாதபோது சுமார் 12.6 வோல்ட் காட்டும். எஞ்சினைச் சற்று வேகமாக ஓடவிட்டால் 13.8 முதல் 14.5 வரை ஏற வேண்டும். ஏறவில்லையென்றால் சார்ஜ் வந்து சேரவில்லை. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டரைச் சந்தேகியுங்கள்; பாட்டரித் தண்ணீர் கொதித்து வற்றிவிடும்.

அடுத்து, எஞ்சின் ஓடும்போதே பாட்டரியின் எர்த் முனைக்கும் ரெகுலேட்டரின் உடலுக்கும் இடையே அளவிடுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் எர்த் சரியில்லை. பெயிண்டின் மேல் போல்ட்டை முறுக்கினால் எர்த் கிடைக்காது. உலோகம் பளிச்சிடும்வரை உப்புக்காகிதத்தால் தேய்த்து முறுக்குங்கள். ரெகுலேட்டரிலிருந்து பாட்டரிக்கே ஒரு தனி எர்த் வயர் போட்டுவிட்டால் இன்னும் நல்லது.

வேலை தொடங்குமுன் பாட்டரியின் எர்த் முனையை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டுங்கள். ஸ்பேனர் ஃபிரேமில் பட்டாலும் பொறி பறக்காது. சில பழைய வண்டிகளில் பிளஸ்தான் எர்த், அதைக் கவனியுங்கள். முறுக்கி டேப் சுற்றிய இணைப்புகளை நீக்கி, டெர்மினல் வைத்து நன்றாக அழுத்துங்கள். அம்மீட்டரின் பின்னுள்ள நட்டுகள் அதிர்வில் தளரும்; இறுக்குங்கள். பாட்டரியின் உயிர்முனைக்கு அருகிலேயே ஃபியூஸ் இருக்கட்டும். ஃபியூஸ் போனால் கம்பியைச் சுற்றி ஓட்டாதீர்கள். அடுத்து எரிவது வயராக இருக்கும்.

"பெரிய பல்பு போடலாமா?" என்று கேட்பார்கள். 60 வாட் பல்பு 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுக்கும். பழைய ஆல்டர்னேட்டர் அதைத் தாங்குமா என்று பார்த்தபின் போடுங்கள். 6 வோல்ட் வண்டியை 12-க்கு மாற்ற விரும்பினால் பாட்டரி மட்டும் போதாது. ரெகுலேட்டர், பல்புகள், ஹாரன், இக்னிஷன் காயில் எல்லாம் மாற வேண்டும்.

எனக்குச் செலவானது சில மீட்டர் வயரும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும். பழைய வண்டி வைத்திருக்கும் அன்பர்கள் மழைக்கு முன்பே இதைச் செய்து பாருங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வைத்து மீட்டரைப் பிடிக்கச் சொல்லுங்கள். தாத்தாவின் வண்டி எப்படி ஓடுகிறது என்று அவர்களும் தெரிந்துகொள்ளட்டும்.