கிரகடோவாவின் சாட்சிகள்

ஜாவாவுக்கும் சுமத்ராவுக்கும் நடுவே, இந்து மகாசமுத்திரத்தையும் ஜாவாக் கடலையும் இணைக்கும் சுந்தா ஜலசந்தியில், 1883-ஆம் ஆண்டு ஆகஸ்டு 27-ஆம் தேதி முற்பகல் பத்து மணியளவில் பெருமுழக்கத்தோடு வெடித்த கிரகடோவா என்னும் தீவு, தன்னில் மூன்றில் இரு பங்கைக் கடலுக்குப் பறிகொடுத்தது. நடந்தது இன்னதென்று காட்ட வேண்டிய மலையே மறைந்துவிட்டபடியால், அதன் சரித்திரத்தின் பெரும்பகுதியை அறிஞர்கள் அம்மலைக்கு வெளியே தேட நேர்ந்தது. ஜாவாத் தீவின் பட்டேவியா நகரத்து எரிவாயுக் கிடங்கிலும், நாகப்பட்டினத்துத் துறைமுகத்திலும், சென்னையின் ஆகாயத்திலுங்கூட அது அகப்பட்டது என்பதுதான் இந்த எரிமலையின் வரலாற்றில் எனக்குப் பேராச்சரியம் தருவது.

அக்கினி அவ்விடத்தில் குடிகொள்ளக் காரணம் கடலுக்கடியில் இருக்கிறது. இந்து மகாசமுத்திரத்தின் தரையைச் சுமக்கும் புவித்தட்டு, ஆண்டுக்குச் சுமார் 7 சென்டிமீட்டர் வீதம் நகர்ந்து வந்து, ஜாவா, சுமத்ராத் தீவுகளின் அடியிலே புகுந்து சரிவாக இறங்குகிறது. இறங்கும் பாறையின் கனிமங்களுக்குள் கட்டுண்டு கிடக்கும் நீர், ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் ஆழத்தில் விடுபட்டு மேலுள்ள பாறைக்குள் ஊடுருவவே, அந்தப் பாறை சாதாரணமாக உருக வேண்டிய உஷ்ணத்துக்கும் குறைந்த உஷ்ணத்திலேயே உருகிக் குழம்பாகி மேலே எழுகிறது. வழியில் தங்கித் தங்கி ஆறும்போது அக்குழம்பில் சிலிகாவின் பங்கு மிகுந்து, பாகு இறுகி, உள்ளிருக்கும் நீராவியும் பிற வாயுக்களும் வெளியேற வழியின்றிச் சிறைப்படுகின்றன. மேலிருக்கும் பாரம் திடீரென நீங்கினால், நெல்லுக்குள் ஒளிந்த ஈரம் ஆவியாகி அதைப் பொரியாக வெடிக்கச் செய்வதுபோல், இந்த வாயுக்கள் குழம்பை ஊதிப் பொரித்துச் சிதறடிக்கின்றன. தண்ணீரில் மிதக்கும் நுரைக்கல் அப்படிப் பிறந்ததே.

கிரகடோவா 1680-ஆம் ஆண்டில் ஒருமுறை சீறியபின் இருநூறு ஆண்டுகள் அடங்கியிருந்தது. 1883 மே 20-ஆம் தேதி அது விழித்துக்கொண்டபோது பட்டேவியாவாசிகள் அஞ்சியதைவிட மகிழ்ந்ததே அதிகம் போலும். ஒரு வாரத்துக்குள் கப்பல் அமர்த்திக்கொண்டு போய்த் தீவில் இறங்கி, புகையும் எரிமலை வாயை எட்டிப்பார்த்துத் திரும்பியவர்கள் உண்டு. ஆகஸ்டு 26-ஆம் தேதி பிற்பகலில் வேடிக்கை முடிந்தது. இரவெல்லாம் அதிர்ந்த மலை, மறுநாள் காலையில் நான்கு மாபெரும் வெடிப்புகளில் தன் வயிற்றைக் காலிசெய்ய, தாங்குவார் இல்லாத கூரை உள்ளே சரிந்தது. கனன்ற சாம்பலும் வாயுவும் கலந்த பிரவாகம் கடலின்மேல் சுமார் 40 கிலோமீட்டர் விரைந்து சுமத்ராக் கரையில் மனிதர்களைச் சுட்டது. ஆயினும் மாண்டோரில் மிகப் பெரும்பாலோரைக் கொன்றது நெருப்பன்று, நீர். 30 மீட்டருக்கும் மேலாக எழுந்த அலைகள் ஜலசந்தியின் இரு கரைகளையும் துடைத்துச் சென்றன. பெரூ என்ற டச்சுப் போர்க்கப்பலொன்று நிலத்துக்குள்ளே இரண்டு கிலோமீட்டருக்கும் அப்பால் காட்டில் கிடந்தது. டச்சு அரசாங்கம் எண்ணிச் சொன்ன உயிர்ச்சேதம் 36,417.

இனிச் சாட்சிகளுக்கு வருவோம். மலையிலிருந்து சுமார் 160 கிலோமீட்டர் தொலைவிலிருந்த பட்டேவியாவில், தெருவிளக்குகளுக்கு எரிவாயு வழங்கிய நிலையத்தின் அழுத்தமானி, ஒவ்வொரு வெடிப்பின் காற்றதிர்ச்சியையும் தன் காகிதத்தில் கோடாக இழுத்துவைத்திருந்தது. பெருவெடிப்பின் நேரம் நிமிஷக் கணக்கில் நமக்குத் தெரிவது முக்கியமாக அந்தக் காகிதத்தின் தயவால்தான். ஏறக்குறைய 4,800 கிலோமீட்டருக்கு அப்பால், ரோட்ரிகஸ் தீவின் காவல்துறைத் தலைவர், கிழக்கே பீரங்கிகள் முழங்குவதாகக் குறித்துவைத்தார்; அந்தச் சப்தம் அவரை அடைய நான்கு மணி நேரம் பிடித்திருந்தது. காதுக்கு எட்டாத காற்றலையோ அங்கும் நிற்கவில்லை. உலகெங்கும் இருந்த பாரமானிகளில் அது பூமியைச் சுற்றிச் சென்றும் எதிர்ப்புறத்திலிருந்து திரும்பியும் ஏழுமுறை வரை பதிவாயிற்று. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கடலின் ஏற்ற இறக்கத்தை வரைந்துகொண்டிருந்த கருவிகளின் கோடுகளும் அன்று வழக்கமான வளைவை விட்டுத் துடித்தன.

ஆனால் நம்மவர்கள் கண்ணாரக் கண்ட சாட்சி செப்டம்பர் மாதத்தில் வந்தது. அம்மாதத்தின் இரண்டாம் வாரத்தில், இலங்கையிலும் சென்னை ராஜதானியிலும் உதய அஸ்தமன வேளைகளில் சூரியன் பச்சை நிறமாகக் காட்சியளித்தது. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பௌதிகம் கற்பித்த மிக்கி ஸ்மித், பின்னாளில் கொடைக்கானல் வானாய்வகத்தின் முதல் இயக்குநராக விளங்கியவர், அந்தப் பச்சைச் சூரியனின் ஒளியை நிறமாலைமானியின் வழியே ஆராய்ந்து எழுதினார். மேல் வளிமண்டலத்தை எட்டிய எரிமலைத் துகள்கள் ஏறக்குறைய ஒரே பருமனாக இருந்தால், அவை நீலத்தைக் காட்டிலும் சிவப்பொளியை அதிகமாகச் சிதறடிக்கும். எஞ்சிவரும் ஒளி பசுமையாகவோ நீலமாகவோ தோன்றும். ஹொனலூலுவில் பிஷப் என்ற பாதிரியார், சூரியனைச் சுற்றி மங்கிய வளையமொன்றைக் கண்டு குறித்ததோடு, கப்பல்களிலிருந்து வந்த செய்திகளைக் கோத்து, அந்தப் புகைத்திரை பூமத்தியரேகையை ஒட்டிக் கிழக்கிலிருந்து மேற்காக உலகைச் சுற்றி ஓடுகிறது என்பதையும் கண்டுகொண்டார். வானத்தின் உயரத்தில் அப்படியொரு காற்றோட்டம் உண்டென்று மனிதன் அறிந்தது ஓர் எரிமலையின் சாம்பலால் என்றால், நாசத்துக்கும் சில சமயம் ஆசிரியப் பணி வாய்த்துவிடுகிறது.

மலையிலும் ஒரு சாட்சி மிஞ்சியிருந்தது. டச்சுச் சுரங்கப் பொறியாளரான வெர்பேக், முன்னரே 1880-ல் அத்தீவைப் பார்த்திருந்தவர், வெடிப்புக்குப்பின் அக்டோபரில் அங்கே சென்றபோது, எஞ்சியிருந்த ரகாத்தா சிகரம் உச்சிமுதல் கடல்வரை நேர்பாதியாகப் பிளந்து, சாம்பலும் குழம்பும் அடுக்கடுக்காகப் படிந்த அதன் உட்புறம் பாடநூற் படம்போல் வெளிப்பட்டு நின்றது.

மற்ற மலைகளானால் கதை இங்கே முடியும். இங்கோ 1927-ன் இறுதியில், கூரை சரிந்து உண்டாகிக் கடல் மூடிய பள்ளத்தின் விளிம்பிலே நீர் கொதித்தெழுந்து, சில முறை தலைகாட்டி அலைகளால் கரைந்து, 1930-ல் நிலைத்து நின்றது ஒரு புதிய தீவு. கிரகடோவாவின் பிள்ளை என்று பொருள்படும் அனாக் கிரகடோவா என்ற பெயர் பெற்ற அது, 2018-க்குள் 338 மீட்டர் உயரம் வளர்ந்துவிட்டது. செங்குத்தான பள்ளத்தின் ஓரத்தில் குவிந்த இம்மலையின் தென்மேற்குச் சரிவு பெயர்ந்து விழுந்தால் சுனாமி எழும் என்று 2012-லேயே ஆய்வாளர்கள் கணக்கிட்டுக் காட்டியிருந்தார்கள். 2018 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு அந்தச் சரிவேதான் விழுந்தது. சுனாமி எச்சரிக்கை ஏற்பாடோ பெரிய பூகம்பத்தை எதிர்நோக்கி அமைக்கப்பட்டிருந்தது; பூகம்பமின்றி வந்த அலை, எச்சரிக்கைக்கு இடமே தராமல் 400 பேருக்கு மேல் பலிகொண்டது. மலையின் உயரம் சுமார் 110 மீட்டராகக் குறுகியது.

அதன்பின் ஜலசந்திக் கரைகளில் கடல்மட்டத்தை நேரடியாக அளந்து சொல்லும் கருவிகளை நிறுவியிருக்கிறார்கள். அனாக் கிரகடோவாவும் சும்மா இல்லை. தகர்ந்த பகுதியைப் புதுக் குழம்பாலும் சாம்பலாலும் நிரப்பிக்கொண்டே வந்து, 2022 ஏப்ரலில் மீண்டும் பலமாகச் சீறவே, இந்தோனேசிய அதிகாரிகள் எச்சரிக்கை நிலையை மூன்றாம் படிக்கு உயர்த்த வேண்டியதாயிற்று.