கூரையைப் பாருங்கள் முதலில்

பெய்ஜிங் போகிறவர்களுக்கு நான் தவறாமல் சொல்வது: பெருஞ்சுவரோடு திரும்பிவிடாதீர்கள், நகரின் வடகிழக்கே இருக்கும் 798க்கும் ஒரு பகலை ஒதுக்குங்கள். அது பழைய தொழிற்சாலை எண். இன்று கலை வட்டாரத்தின் பெயர்.

கிழக்கு ஜெர்மனியின் உதவியோடு 1950களில் எழுந்த மின்னணுத் தொழிற்சாலை வளாகம் இது. உள்ளே நுழைந்ததும் ஓவியத்தைத் தேடாமல் அண்ணாந்து பாருங்கள். ரம்பப் பல் வரிசையாய் ஏறி இறங்கும் கான்கிரீட் கூரை. சாய்ந்த கண்ணாடிகள் எல்லாமே வடக்கு நோக்கியவை. நேர்வெயில் விழாது, பகல் முழுக்க ஒரே சீரான வெளிச்சம். தொழிலாளியின் கண் கூசாமலிருக்கச் செய்த ஏற்பாடு, ஓவியருக்கும் அப்படியே பொருந்திவிட்டது!

உற்பத்தி சுருங்கிக் கூடங்கள் காலியானபோது, 1995இல் மத்திய நுண்கலைக் கழகத்தின் சிற்பத் துறை இங்கே இடம் பிடித்தது. 2000க்குப் பிறகு, குறைந்த வாடகையைக் கேள்விப்பட்டு ஓவியர்கள் குவிந்தார்கள். ஒரு கூடத்தின் வளைவுகளில் மாவோவை வாழ்த்தும் சிவப்பு எழுத்துகளை அழிக்காமல் விட்டிருக்கிறார்கள். எனக்கு அங்கே தொங்கிய படங்களைவிட அந்த மங்கிய சிவப்புதான் மனதில் நிற்கிறது.

புகழ் வந்தது, வாடகையும் ஏறியது. வட்டாரத்தை உருவாக்கிய கலைஞர்கள் பலர் வெளியேற, காபிக் கடைகள் பெருகின. இது எனக்கு உண்மையாகவே வலிக்கிறது. ஆனாலும் போங்கள். தெருக்களில் நடக்கக் கட்டணமில்லை. பெரிய கண்காட்சிகளுக்கு மட்டும் டிக்கெட். திங்கட்கிழமை வேண்டாம், பல கூடங்கள் பூட்டியிருக்கும்.